நான்கு மாத்திரை

ஒத்திகைக்கு மொத்தமே நாற்பது நிமிடம் கொடுத்தார்கள்.
மீதி நேரமெல்லாம்
இடைவேளைக்குப் பிறகு வரும் பெரிய பியானோ கச்சேரிக்கு.
டிக்கெட் வாங்கியவர்கள் அதற்குத்தான் வருகிறார்கள்.
என்னைப் பதினோரு நிமிடம் பொறுத்துக்கொள்வார்கள்,
இருமலை அடக்கி.

பர்னுவுக்கு முதல் பேருந்தில் வந்திருந்தேன்.
தார்த்துவில் பனி, வழியெல்லாம் பனி,
பையில் இருபத்தெட்டு பேருக்கான தாள்கள்,
நானே அச்செடுத்தவை,
நானே ஒட்டியவை.
நகலெடுப்பவருக்குக் கொடுக்கப் பணம் இருந்தால்
முதலில் குளிர்பெட்டியை மாற்றியிருப்பேன்.
போன வருடத்துப் படைப்பை வானொலி
நள்ளிரவுக்கு மேல் ஒரு முறை போட்டது.
பதினாலு யூரோ இருபது சென்ட் வந்தது.
மெட்ரோனோமுக்கு பேட்டரி வாங்கினேன்.

பகலில் சிறுவர்களுக்குச் சுரம் பிரித்துக் காட்டுகிறேன்,
வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம்.
என் இசை மாலை ஏழுக்கு மேல் வரலாம்,
சமையலறை மேசையில் இடமிருந்தால்.
பெரும்பாலும் வருவதில்லை.
ஒரு பிப்ரவரியில் வந்தது,
பல் மருத்துவரின் வாசலில்.
சீட்டின் பின்புறம் ஐந்து கோடு இழுத்து
எழுதி முடிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.
மரத்துப்போன வாயால்
மிச்சத்தை முனகிப் பார்த்ததில்
எச்சில் வழிந்ததுதான் மிச்சம்.

அந்தப் பாதி வரிதான் இப்போது பஸூனில் இருக்கிறது.
எல்லாரும் ஓய்ந்த பிறகு
அந்த நீள மரக்குழல் மட்டும் தனியே ஏறிப் போகும்.

போகவில்லை.
உர்மாஸ் லேபிக் குழலை மடியில் சாய்த்துக்கொண்டு சொன்னார்:
"ஹெல்வே, அருமையான இடம்.
ஆனால் தாள் இங்கே முடிகிறது.
இரண்டு கையும் துளைகளில் இருக்கிறது.
மூக்கால் திருப்பட்டுமா?"

வயலின்கள் சிரித்தன.
கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் பாக்கி.
பென்சிலை எடுத்து
உச்சிக்கு ஒரு சுரம் முன்னால்
ஓய்வுக் குறி போட்டேன்.
மணிக்கட்டு வலிக்குக் காலையில் இரண்டு மாத்திரை,
மௌனத்துக்கு இப்போது நான்கு.
"போதுமா?"
"தாராளம். மூக்குக் கண்ணாடியைக்கூட ஏற்றிவிட்டுக்கொள்வேன்."

இரவு
குழல் ஏறியது, ஏறி
நின்றது.
தாள் புரளும் சத்தம்
கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற எனக்கே கேட்டது.
முந்நூறு பேர் மூச்சை எங்கோ வைத்துவிட்டு மறந்திருந்தார்கள்.
நான் நான்கு வரை எண்ணினேன்.
அவர் ஐந்து எடுத்துக்கொண்டார்.

கோட்டு வாங்கும் வரிசையில் ஒருவர்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம்,
மனைவி பெயரில் இருந்த டிக்கெட்டில் வந்தாராம்,
என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"அந்த நிறுத்தம்" என்றார்.
மேலே சொல்ல வரவில்லை.
பிறகு,
"உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

எனக்கு என்ன தெரியும்.
பதினாறு மாதம் இழைத்த நடுப்பகுதியை,
மூன்றாகப் பிரிந்து மறுபடி கூடும் செல்லோக்களைக்
கவனித்தீர்களா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது.
கேட்கவில்லை.
கையையும் உருவிக்கொள்ளவில்லை.

கடைசிப் பேருந்தில்
மடியில் முழுத்தாளை விரித்துப்
பென்சில் குறியின் மேல் மை ஓட்டினேன்.
குலுங்கலில் கொஞ்சம் கோணியது.
நான்கை அடித்து
ஐந்து என்று எழுதினேன்.