அடித்த வரி

விசைப்பலகையைக் கழற்றினால் சிலேட்டு,
மாட்டினால் மடிக்கணினி.
மாட்டும்போது டொக் என்று ஒரு சத்தம்.
வந்த முதல் வாரம் அந்தச் சத்தத்துக்காகவே
கழற்றிக் கழற்றி மாட்டினேன்.
பதினெட்டுத் தவணை. இரண்டு முடிந்திருக்கிறது.

கடலூர் முதுநகர், உப்பனாற்றங்கரை,
ஐஸ் கம்பெனி மாடியில் கணக்கு அறை.
கீழே அரவை ஓடும்போது
மேஜை நடுங்கும், மேஜையோடு என் எழுத்தும்.
அந்த நடுக்கத்தையும் சேர்த்துத்தான்
இது படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கையெழுத்தை அச்செழுத்தாக்கும் செயலி.
கடைக்கு வராதது, பீட்டா.
"தவறுகள் இருக்கலாம், சம்மதமா?" என்று கேட்டது.
சம்மதம் என்பதைத் தொட்டேன்.
என் கல்யாணத்தில்கூட யாரும் இப்படிக்
கேட்டுவிட்டுச் செய்யவில்லை.

மத்தி மூன்று கூடை என்று எழுதினால்
மந்தி மூன்று கூடை என்றது.
வஞ்சிரம் வஞ்சகமானது, பதினெட்டுக் கிலோ.
நண்டு என்று எழுதியபோதெல்லாம் நன்று.
நன்று ஐந்து கிலோ.
இன்று நன்று வரத்து இல்லை.
ஐஸை ஒருநாளும் சரியாகப் படித்ததில்லை;
ஜஸ், ஜஸ் என்று
சளி பிடித்தவன்போல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு புகார் எழுதி அனுப்புவேன்.
"நன்றி. உங்கள் அறிக்கை எண் நாற்பத்தொன்று."
அந்தப் பக்கம் யார் படிக்கிறார்கள், தெரியாது.
படுக்கப் போகுமுன் எண்ணை ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.

கீல் இடுக்கில் உப்பு ஏறுகிறது.
ஞாயிறுதோறும் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறேன்.
மீன்வாடைக்கு மருந்தில்லை.
வங்கியில் இதை வெளியே எடுத்த அன்று
பக்கத்து நாற்காலிக்காரர்
போன் வந்ததுபோல் எழுந்து போனார்.

கார்த்திகையில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
ஒன்பது நாள், ஒரு படகும் போகவில்லை.
உமிக்கடியில் ஐஸ் பார்கள்
விலை போகாமலே இளைத்தன.
முதலாளி பாக்கிப் பட்டியல் கேட்டார்.
முதல் பெயர் சிங்காரத்தோப்பு அஞ்சலாட்சி.
ஏழாயிரத்து நானூறு.

சேதி எழுத உட்கார்ந்தேன்.
தொகையைப் போட்டதும்
"அவசரமில்லை" என்று கை தானாக எழுதியது.
கீழே முதலாளி இருமினார்.
இரண்டு கோடு இழுத்து அடித்துவிட்டு
"திங்கட்கிழமைக்குள்" என்று எழுதி,
மின்சாரம் இல்லை, பேட்டரி ஏழு சதவீதம்,
சரிபார்க்காமல் அனுப்பினேன்.

அடித்ததையும் படித்திருக்கிறது.
ஓர் எழுத்துப் பிசகவில்லை,
என் கையெழுத்தில் முதன்முறையாக.
கோடுகள் மட்டும் கண்ணில் படவில்லை போல.

"பாக்கி 7400 அவசரமில்லை திங்கட்கிழமைக்குள்."

அஞ்சலாட்சி எழுதமாட்டாள், பேசி அனுப்புவாள்.
போனைக் காதில் வைத்தால்
முதலில் காற்று, பிறகு எங்கோ ஒரு தகரம்
அடித்துக்கொள்கிற ஓசை.
"பொண்ணு படிச்சுச் சொன்னா மேடம்.
எந்தத் திங்கக்கெழம?"

மூன்று தரம் கேட்டேன்.
கிண்டல் இருக்கிறதா என்று.
இல்லை.

மறுநாள் மின்சாரம் வந்ததும் படிவத்தைத் திறந்தேன்.
என்ன எதிர்பார்த்தீர்கள்?
அடித்தது அடித்ததாகவே இருக்கும் என்று.
என்ன நடந்தது?
ஐந்நூறு எழுத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.
விட்டுவிட்டுக் கீழே போனேன்.
இந்தப் பிழையை மீண்டும் உண்டாக்க முடியுமா?
எப்போதும். சில நேரம். ஒருமுறை மட்டும்.
பேனா முனை கண்ணாடிக்கு
ஒரு நூல் உயரத்தில் நின்றது.

அப்போது அரவை ஓடத் தொடங்கியது.
யாரோ கடலுக்குப் போகிறார்கள்.
மேஜை நடுங்கியது.
மூன்றில் எதைத் தொட்டேன் என்று எனக்கே தெரியாது.
அறிக்கை எண் நூற்றுப் பன்னிரண்டு. நன்றி.

பிறகு அவளுக்கு எழுதினேன்:
கூண்டு இறங்கினபின் வருகிற திங்கள்.
நண்டு வந்தால் சொல்லு, எனக்கு ஒரு கிலோ.

இந்தமுறை அனுப்புமுன் படித்துப் பார்த்தேன்.
"நன்று வந்தால் சொல்லு" என்றிருந்தது.
அப்படியே போயிற்று.