கடைமடை

திருவாரூர், இரவு பதினொன்று.
எட்டாம் தட்டில்
பிரியவிடாமல் மருந்து போட்டு நிறுத்திய செல்கள்.
பிரியவில்லை.
வளர்வதை யார் நிறுத்தினார்கள்?
ஆறு நாளாய்த் தின்றுகொண்டே இருந்திருக்கின்றன.
லென்ஸுக்குக் கீழே
பொரித்த அப்பளமாய்ப் பரந்து கிடக்கின்றன.
செழிப்பு என்றுதான் முதலில் குறித்தேன்.
ரெஜினா அக்கா அதை அடித்துவிட்டு
மூப்பு என்று எழுதினாள்.

தம்பியின் ஃபோன்.
தலைஞாயிறு பக்கம் லஸ்கர் வேலை.
"மேட்டூர்ல தொறந்து பதினெட்டு நாளாச்சு.
இங்க வாய்க்கா நனைஞ்சிருக்கு, அவ்ளோதான்.
எல்லாரும் என்னையே திட்டுறாங்க."
சாப்பிட்டியா என்றேன்.
வைத்துவிட்டான்.

மறுபடி குனிந்தேன்.
ஊதிய செல்லின் நடுவே அதே டி.என்.ஏ.,
ஒரு இழை கூடவில்லை.
ஒரே தலைமதகு,
பாயவேண்டிய நிலமோ நாலு மடங்கு.
ஓரத்துக்கு வருவதற்குள்
எல்லாம் நீர்த்துப்போகிறது.

காலையில் மருந்தைக் கழுவிவிட்டேன்.
அரைப்பட்டினி போட்டு வைத்திருந்த ஒன்பதாம் தட்டில்
சின்னச் சின்னதாய் நின்றவை
மத்தியானத்துக்குப் பிறகு
ஒன்று இரண்டாகத் தொடங்கின.
எட்டாம் தட்டில் ஒன்றும் அசையவில்லை.
சாகவும் இல்லை,
கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு
இன்னும் கொஞ்சம் பெருக்கின்றன.

அகலத்தை அளந்து
மைக்ரான் கணக்கில் எழுதிக்கொண்டேன்.
தம்பியை
இன்னும் கூப்பிடவில்லை.