காணவில்லை

நரின் நகரில் ஏப்ரலிலும் பனி பெய்கிறது.
வெளியே ஆம்புலன்ஸ் ஓட்டுநர்
சக்கரத்துச் சேற்றை உதைத்து உதிர்க்கிறார்.
உள்ளே என் மேசையில்
ஒரு முழங்காலிலிருந்து வந்த ஏழு மில்லி.

எசென்கூல் மாமிரோவ். நாற்பத்தொன்று. இடது கால்.
விவரம் எழுதும் கட்டத்தில்
'வலி' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.
வலி இல்லாமல் யார் இங்கே
காலை ஊசிக்கு நீட்டுகிறார்கள்?

நல்ல மூட்டின் நீர் முட்டை வெண்கரு மாதிரி,
ஊசி முனையிலிருந்து இழை இழுத்துத்தான் இறங்கும்,
வாசல்வரை வந்தும் பேச்சை முடிக்காத விருந்தாளியாக.
இது சொட்டுச் சொட்டாக விழுந்தது.
மஞ்சள். கலங்கல்.
குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தேன்:
தலைப்பு தெரிந்தது, செய்தி தெரியவில்லை.

வெள்ளணுக்கள் பதினெட்டாயிரம்.
படிகம் ஒன்றும் இல்லை.
கண்ணாடியில் பூசி, தீயில் காட்டி,
ஊதா, அயோடின், ஆல்கஹால், சிவப்பு.
எண்ணெய் லென்ஸில் நாற்பது நிமிடம் அலைந்தேன்.
களத்தில் ஒரு பக்கத்துப் படை மட்டும்
செத்தும் சாகாமலும் கிடந்தது.
'கிருமி காணவில்லை' என்று எழுதினேன்.

மருத்துவர் சூயுன்பாயேவ் போனில்:
"இல்லை என்கிறாயா?"
காணவில்லை என்கிறேன்.
"இரண்டும் ஒன்றுதானே?"
ஆளைக் காணவில்லை என்று சுவரில் ஒட்டுகிறவர்கள்
ஆளே இல்லை என்றா ஒட்டுகிறார்கள்?
இதை நான் கேட்கவில்லை.
ஐந்து நாள் கொடுங்கள் என்றேன்.
இரண்டு என்றார்.

இரண்டாம் நாள் தட்டு வெறுமை.
மூன்றாம் நாளும்.
மெடெத் அதைக் கழிவு வாளிப் பக்கம் நகர்த்தினான்.
நான் எடுத்து மறுபடி இன்குபேட்டரில் வைத்தேன்.
பெரிய உள்ளுணர்வெல்லாம் இல்லை,
தட்டில் இடம் காலியாக இருந்தது.

நான்காம் நாள் காலை
விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தபோது
குண்டூசி முனை அளவில் பளபளப்பு.
மூடியைத் திறந்தேன். முகர்ந்தேன்.
பதினாறு வருடப் பழக்கம்.
சில கிருமி திராட்சை மணக்கும்,
சிலது மழை பெய்த மண்.
இது எதுவும் மணக்கவில்லை.

சாயத்தில் பார்த்தால்
மங்கிய செந்நிறம், சலித்துப் போட்ட மணல்.
யூரியாக் குழாய் பத்து நிமிடத்தில் இளஞ்சிவப்பாயிற்று.
அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். மனைவி எடுத்தாள்.
ஆமாம், மார்ச்சில் பதினோரு ஆடு குட்டி வீசிவிட்டது,
இவர்தான் கையை விட்டு இழுத்துப் போட்டார்.
கையுறை போட்டாரா என்றேன்.
குளிருக்கா, என்றாள்.

புரூசெல்லா.
மருத்துவர் எழுத்துக் கூட்டச் சொன்னார்.
சொன்னேன். வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, மூட்டைத் திறப்பதற்கு
நாளைக்கு நாள் குறித்திருந்தேன், என்றார்.

"தட்டை எங்கே வைத்துத் திறந்தாய்?"
இது மெடெத்.
மேசையில்.
"காற்றுப் பெட்டிக்குள் இல்லையா?"
நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
கழுவ வேண்டியது கை அல்ல என்று தெரிந்தே.

இருபத்தொரு நாள், இரண்டு வகை மாத்திரை.
சிறுநீர் ஆரஞ்சு.
வெங்காயம் நறுக்கினால் கண்ணீரும் ஆரஞ்சு,
வெள்ளைச் சட்டைக் கையில் துடைத்துவிட்டேன்,
துவைத்தும் போகவில்லை.
எசென்கூலும் இதே மாத்திரைதான்,
அவருக்கு ஆறு வாரம்.
ஊன்றுகோலை விட்டுவிட்டாராம்,
ஆடுகளிடம் இன்னும் விடவில்லையாம் மனைவி.

என் ரத்தக் குழாயில் என் பெயரை
என் கையெழுத்திலேயே ஒட்டினேன்.
விவரம் எழுதும் கட்டத்தில் பேனா நின்றது.
'முகர்ந்தது' என்று எழுதினேன்.

பிஷ்கெக் போகும் மினி பஸ்ஸில்
யாரோ மகனுக்கு அனுப்பும் கம்பளிக் காலுறைக்கும்
ஒரு மூட்டை உலர்தயிர் உருண்டைக்கும் நடுவே
பெட்டியைச் செருகினார் ஓட்டுநர்.
"ஆறு மணி நேரம். கெட்டுப்போயிடாதே?"

பனிக்கட்டி போட்டிருக்கிறது, என்றேன்.
"உள்ளே ஏதாவது இருக்கா?"
தெரியவில்லை, என்றேன்.
அவர் பெட்டியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு
கதவைச் சாத்தினார்.