ஆளுக்குத் தொண்ணூறு வெள்ளி

நூற்றெண்பது வெள்ளி.
ஆங் மோ கியோவில் மின்தூக்கி வாசலில் வைத்து
திருமதி கோ கைமாற்றிய மடிக்கணினி.
மூடியில் டைனோசர் ஸ்டிக்கர்,
யாரோ கிழிக்கப் பார்த்துப் பாதியில் விட்டதில்
தலை மட்டும் மிச்சம்.
"மகனுடையது, நன்றாக ஓடும்" என்றார்.
ஓடியது,
மூன்று நாள்.

தொண்ணூறு நான் போட்டது, தொண்ணூறு தமீம்.
எங்கள் ஈசூன் அறையில் கட்டில் இரண்டு, மேசை ஒன்று.
அவன் பகல் ஷிப்ட். நான் இரவு.
அவனுக்கு விண்டோஸ் வேண்டும்,
பாதுகாப்பு மேற்பார்வையாளர் தேர்வுக்கு.
எனக்கு லினக்ஸ்.
ஏன் என்று அவன் கேட்டதில்லை,
கேட்டிருந்தாலும் நான் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன்.
பங்காளிச் சண்டை வராமல்
வட்டை நடுவில் பிளந்தேன்.
பொத்தானை அமுக்கினால் திரையில் இரண்டே வரி,
எது வேண்டும் என யோசிக்கப் பத்து நொடி.
வீட்டுக்காரர்கூட எங்களுக்கு
இவ்வளவு அவகாசம் தந்ததில்லை.

நான்காம் நாள் காலை வேலை முடிந்து வந்தேன்.
இரவில் விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்து
அறைகளின் எண்களை மாற்றி வைத்திருந்தது.
கறுப்புத் திரை.
அப்படியொரு பகிர்வே இல்லை என்றது.
முதல் கதவு, இரண்டாம் கதவு,
ஏழாவதுவரை தட்டிப் பார்த்தேன்.
தெரியாத கோப்பமைப்பு,
தெரியாத கோப்பமைப்பு,
தபால்காரனுக்குக் கதவு திறக்காத தாழ்வாரம் மாதிரி.
என் பாதியோடு அவன் பாதியும் போயிற்று.

பென் டிரைவில் எழுப்பலாம்,
அதற்குப் பயாஸுக்குள் போக வேண்டும்,
அதற்குக் கடவுச்சொல்.
முதல் நாள் விண்டோஸ் வழியாகப்
பின்வாசலில் நுழைந்திருந்தேன்.
அந்த வாசலுக்கு இப்போது உள்ளே தாழ்ப்பாள்.

திருமதி கோவுக்குச் செய்தி அனுப்பினேன்.
"மகன் வைத்தது. அவன் தெகோங் தீவில்,
ராணுவப் பயிற்சி. சனிக்கிழமைதான் விடுவார்கள்."

அன்று செவ்வாய்.
தமீம் கைப்பேசியில் படித்தான்,
ஏணி சாய வேண்டிய கோணத்தை
இரு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

சனி மதியம் வந்தது:
"காயாடோஸ்ட். எல்லாம் சின்ன எழுத்து. ஸாரி அங்கிள்."
இருபத்தொன்பது வயது அங்கிள்
தட்டினேன். திறந்தது.
மாலைக்குள் இரண்டு வரியும் திரும்பி வந்தன.
தமீம் ஒரு மைலோ டின்னை நீட்டினான், குளிர்ந்தது.

திங்கள் காலை ஏழரைக்கு வருகிறேன்,
தமீம் தூங்குகிறான்.
"லாரி வரலையா?"
"மணி என்ன?"
சார்ஜ் இல்லாமல் அவன் கைப்பேசி செத்திருக்கிறது.
இருட்டில் விழித்தவன் மடிக்கணினியைத் திறந்திருக்கிறான்.
ஒன்பது நாற்பது, இரவு.
இப்போதுதானே படுத்தோம் என்று
மறுபடி போர்த்திக்கொண்டிருக்கிறான்.
அப்போது உண்மையில் விடிகாலை ஐந்து நாற்பது.
அரை நாள் சம்பளம்.

உள்ளே இருப்பது ஒரே கடிகாரம்,
பத்துக் காசு அளவு மின்கலத்தில் ஓடுவது.
என் பக்கம் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும்.
அவன் பக்கம் அதையே
சிங்கப்பூர் நேரமென்று வாசிக்கும்.
ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை.
நடுவில் எட்டு மணி நேரம்,
சரியாக ஒரு ஷிப்ட்.

யார் மாறுவது?
அவன் பக்கத்தையும் மாற்றலாம்,
ஆனால் அங்கே தேர்வு இருக்கிறது, வரும் வியாழன்.
என் பக்கம் போய் ஒரு வரி அடித்தேன்,
இனி இங்கேயும் உள்ளூர் நேரம்.
உடனே எச்சரித்தது,
இந்த முறைக்கு முழு ஆதரவு கிடையாது,
சிக்கல்கள் வரலாம் என்று.

தெரியும் என்று முனகிவிட்டு
மூடியைச் சாத்தினேன்.
தமீம் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்,
மதிய லாரியைப் பிடிக்க.