நான்காவது வளைவு

கம்பிக்கு நான்கு வளைவு.
ஆய்வுகூட மேசையில், கண்ணை இடுக்கி, நானே வளைத்தது.
குரோமல், ஒரு மில்லிமீற்றர் தடிப்பு,
கொழும்பிலிருந்து கடுதாசிக் குழாயில் வந்தது.
போன முறை வைத்த வெப்பவிணையை
உமிச் சாம்பல் தின்றுவிட்டது.
அறிவியல்நகரிலிருந்து வட்டக்கச்சிக்கு
ஸ்கூட்டியில், தூண்டில் கொண்டுபோகிறவள்போல்
இதைத் தோளில் சாய்த்துப் போனேன்.

பாக்கியசீலியின் சூளை. பதினெட்டாயிரம் கல்.
விறகுக்குப் பெர்மிற் கிடைக்காமல் பாதி உமி.
"கறன்ற் ஓடுமோ பிள்ளை இதுக்குள்ள?"
"இல்லையக்கா. சத்தம்."
காதை வைத்துப் பார்த்தாள்.
வௌவாலுக்கே எட்டாத சுருதி அது, கேட்காது என்றேன்.

ஒரு தட்டு உள்ளே போகும்.
ஒவ்வொரு வளைவும் அதில் ஒரு கிள்ளு பிய்த்துத்
திருப்பி அனுப்பும்.
சூடேற உலோகம் இளகும்,
சத்தத்துக்குக் கால் பின்னும்.
அந்தச் சுணக்கம்தான் வெப்பநிலை.

"அனுப்பிப்போட்டு, வரும்வரைக்கும் எண்ணுறது."
"ஓம்."
"அது எங்களுக்கும் தெரியும்" என்றாள்
விறகை உள்ளே தள்ளியபடி.

நானும் எண்ணியிருக்கிறேன், ஒன்பது வயதில்,
பதுங்குகுழிக்குள், குத்தின சத்தத்திலிருந்து
விரல் மடித்து மடித்து.
சில வேளை பதினேழு.
சில வேளை ஒரு கை முடியுமுன்.
இங்கே அளப்பது
செக்கனைப் பத்து லட்சமாய்ப் பிரித்ததில் ஒரு துண்டு.
அதற்கு விரல் இல்லை.

இரவு இரண்டு மணி. ஜெனரேற்றர் இருமியது.
முதல் வளைவு நானூற்றுப் பத்து.
இரண்டாவது அறுநூற்று எண்பது.
மூன்றாவது எண்ணூற்று நாற்பது.
நான்காவதுக்குச் சற்று முன்னால், திரையில்,
நான் வளைக்காத ஒரு வளைவு.

இணைப்பைக் கழற்றிப் பூட்டினேன்.
கிறீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசினேன்.
இன்னும் நின்றது, அழையாமல் வந்தவன்போல்.
கணக்குப் போட்டேன்: நுனியிலிருந்து ஒன்றரைச் சாண்.
"அந்த இடத்தில ஏதோ கம்பியைத் தொடுது."

சீலி திரையைப் பார்க்கவில்லை.
லாம்பைத் தூக்கிக்கொண்டு வடக்குப் பக்கம் போனாள்.
"மூண்டாம் வரி இருந்துட்டுது. பூச்சு வெடிச்சுக் கிடக்கு."
குழைத்த களியை முழங்கைவரை அள்ளி
புகை கக்கிய வெடிப்பில் அப்பினாள்.
நான் லாம்பு பிடித்தேன். அவ்வளவுதான் என் பங்கு.
அந்த மேடு மறையவில்லை.
நான்காவது வளைவு மட்டும்
விடியுமுன் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுக்கு ஏறியது.

சூளை ஆற எட்டு நாள்.
கம்பியை இழுத்தேன். ஒரு கல் அதை விடவில்லை.
கத்திப் பிடியால் தட்டிப் பிரித்தாள்.
கல்லின் விலாவில் நூல்போல ஒரு கோடு.
"இது விலைப்படாது" என்று
என் ஸ்கூட்டிக் கூடைக்குள் போட்டாள்.

வட்டக்கச்சி வீதி நெடுகப் பள்ளம்.
பள்ளத்துக்குப் பள்ளம் கல் எழும்பி
முன்தகட்டில் தட்டியது.
நான் எண்ணவில்லை என்று
சொல்லமாட்டேன்.