வர்க்கிப் பொட்டலம்

கோத்தகிரியில் பெள்ளிராஜின் காட்டேஜ்.
பதினொரு அறை, விறகு பாய்லர் ஒன்று,
வந்து போனவர்களின் ஆதார் நகல்கள்
அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக.

"யாரு மேடம் வந்து பாக்கப் போறாங்க,
மேகந்தான் எட்டிப் பாக்கும்."

ஒப்புதல், காரணம், காலக்கெடு என
ஒரு மணிநேரம் சொன்னேன்.
தலையாட்டினார்.
ஃபீஸோடு வர்க்கியும் கட்டித் தந்தார்கள்
சமையல்கட்டிலிருந்து.

குன்னூர் பஸ்ஸில் பிரித்தேன்.
எண்ணெய் ஊறிய தாளின் உட்பக்கம்
ஒரு பெண் என்னைப் பார்த்தாள்.
பெயர், கதவு எண், ஒண்டிப்புதூர்,
மார்ச் ஒன்பது.
கணவர் பெயர் இருந்த இடத்தில்
நெய்க்கறை.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பினேன்.
சட்டம் பேசவில்லை.
தாளை அவர் மேசையில் நீவி வைத்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"எம் மக வயசு" என்றார்.
பிறகு அவரே பெட்டிகளைத் தூக்கினார்.

அன்றிரவு பதினொரு அறைக்கும்
கை வைக்க முடியாத வெந்நீர்.

தரவு அழிக்கப்பட்டது
என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

மார்ச் ஒன்பது வந்தால்
ஒண்டிப்புதூரில் யாருக்கோ ஒரு வயது கூடுகிறது.
எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.