இரண்டு நாற்பதுக்கு ஒரு முள்

வயல்லாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.
ஆலைப் புழுதி செம்மண் நிறத்தில் படியும் எங்கள் கூரையில்
பதினெட்டுத் தகடுகளை மாட்டிவிட்டுப் போனார்கள்
அடிலெய்டிலிருந்து வந்த இரண்டு பையன்கள்.
ஏணியை மடக்கும்போது ஒருவன் சொன்னான்:
"இனிமேல் பில் வந்தால் சிரிப்பீர்கள்."

சிரித்தோம்தான்.
அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர் வந்துகொண்டிருந்த இடத்தில்
இருநூற்று நாற்பத்தொன்று.
ஸ்வோன்கோ அதைக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தம் வைத்து ஒட்டினான்,
பிள்ளை வாங்கிவந்த சான்றிதழ் மாதிரி.

அடுத்த பில்லின் பொடி எழுத்தைப்
படித்தபோதுதான் உறைத்தது.
நட்டநடுப் பகலில் நாங்கள் விற்பது
யூனிட் நாலு சென்ட்.
பொழுது சாய்ந்ததும் அவர்களிடம் வாங்குவது
நாற்பத்தாறு.
கறந்த பாலை வாசலில் ஊற்றிக் கொடுத்துவிட்டு
கொல்லை வழியாகப் போய்
மோர் வாங்கி வந்த கதை.
போதாததற்கு
கம்பி வந்து வீட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதற்கே
தினம் ஒரு டாலர் பதினெட்டு,
ஒரு சுவிட்சையும் போடாவிட்டாலும்.

அதனால் பேட்டரி.
ஆலையில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு
அப்போது வெறும் பேச்சாகத்தான் இருந்தது.
கராஜ் சுவரில் வெள்ளையாக, வாய்பேசாமல்
தொங்குகிறது அது.
பில் முப்பத்தெட்டுக்கு இறங்கியது.
தவணை மாதம் இருநூற்றுப் பதினாலு.
மூன்றால் பெருக்கினேன்.
சிரித்துக்கொண்டே இன்னொரு முறை பெருக்கினேன்.
பழைய பில்லைவிட முப்பது டாலர் கூட,
இன்னும் ஏழு வருஷத்துக்கு.
ஸ்வோன்கோவிடம் சொல்லவில்லை.
அவனும் பெருக்கியிருப்பான்.

எனக்கு ஆஸ்பத்திரியில் இரவுப்பணி.
போனில் ஓர் ஆப், அதில் எங்கள் வீடு
பச்சைக் கோடாக ஓடும்.
குளிர்பெட்டி மூச்சுவிட்டால் ஒரு சின்ன மேடு,
பிறகு சமவெளி, பிறகு ஒரு சின்ன மேடு.
கட்டில்களின் தலைமாட்டில் ஓடும் கோடுகளையே
இருபது வருஷமாய்ப் பார்த்துப் பழகிய கண்,
இதையும் அப்படித்தான் பார்க்கிறது.

செவ்வாய் இரவு
இரண்டு நாற்பதுக்கு ஒரு முள்.
இரண்டாயிரத்து இருநூறு வாட், மூன்று நிமிஷம்.
கெட்டில்.
புதனும் அதே முள்.
வியாழனும்.
காலையில் கேட்டால்
"கட்டை மாதிரி தூங்கினேன்" என்பான்,
ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி,
என்னைப் பார்க்காமல்.

பதினோரு முட்களை எண்ணினேன்.
ஒன்றுக்கும் நாங்கள் காசு கொடுக்கவில்லை.
மத்தியானத்து வெயில்தான்
அவன் இருட்டில் உட்கார்ந்து
கொதிக்கவைத்துக் குடிக்காமல் ஆறவிட்ட தண்ணீர்.
(குடிக்கவில்லை என்பது
தொட்டியில் கோப்பை இல்லாததால் தெரியும்.
அதை எந்த ஆப்பும் சொல்லாது.)

பன்னிரண்டாம் இரவு
முள் ஏறி இறங்கியதும் கூப்பிட்டேன்.
ஒரே மணியில் எடுத்தான்.
"தூக்கம் வரலையா?"
"உனக்கு எப்படித் தெரியும்?"
"காசு கொடுத்து வாங்கி
கராஜில் மாட்டினோமே ஒருத்தனை.
கோள் சொல்கிறான்."

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.
"கடிதம் வந்து மூணு வாரமாச்சு, லினெட்.
கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் வேலை."

என்ன சொல்வது என்று தெரியாமல்
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"எவ்வளவு காட்டுது?" என்றான்.
"அறுபத்தொண்ணு சதவீதம்."
"விடியும்வரை தாங்கும்."

பேட்டரியைத்தான் சொன்னான்
என்று எடுத்துக்கொண்டேன்.
ஏழாம் நம்பர் கட்டிலில் மணி அடித்தது.
போனை வைக்காமல் பையில் போட்டுக்கொண்டு
நடந்தேன்.